புளி போட்டுத் தேய்த்த காசு

1.

இந்தக் கதையை நான் விலைக்கு வாங்கினேன். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இரண்டு டீ, ஒரு வாழைக்காய் பஜ்ஜி, அதுதான் விலை. விற்றவர் பெயர் உதயசூரியன். கீரனூர்க்காரர், ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், ஐம்பத்து மூன்று வயது, பழங்காசு சேர்ப்பவர். இவ்வளவு மலிவாகக் கிடைத்த கதை அசலாக இருக்குமா என்று எனக்கு அன்றே சந்தேகம் வந்தது. அப்படிச் சந்தேகப்படக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

முதல் வரிக்கு நான் பட்ட பாடு இது:

வெயில் கொளுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, உதயசூரியன் தன் (வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.)

காசு என்பது வெறும் உலோகமல்ல, அது வரலாற்றின் (கட்டுரைப் போட்டி முடிந்து முப்பது வருடம் ஆகிறது.)

உதயசூரியனை ஒரே ஒரு முறைதான் ஏமாற்ற முடிந்தது.

இது இருக்கட்டும்.

2.

அந்த ஒரு முறை திருச்சி பஸ்ஸில் நடந்தது. பக்கத்து சீட்டுக்காரர் நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்தார். மடியிலிருந்து ஒரு காசை எடுத்துக் காட்டினார். ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818. மறுபக்கம் ஆஞ்சநேயர். காந்தம்போல அரிசியை இழுக்கும், அப்படிப்பட்ட காசு கோடிக்குப் போகும் என்றார். உதயசூரியன் நாலாயிரம் ரூபாய் கொடுத்தார். கம்பெனிக்காரன் ஆஞ்சநேயருக்குக் காசு அடிக்கவே இல்லை என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. காசு ஒரு பருக்கையைக்கூட இழுக்கவில்லை. நாலாயிரத்தை மட்டும் நன்றாக இழுத்திருந்தது.

அதன்பிறகு அவர் சட்டைப் பையில் ஒரு காந்தம், ஒரு லென்ஸ், உள்ளங்கையளவு எலக்ட்ரானிக் தராசு மூன்றும் குடியேறின. நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்தார்: பளபளத்தால் சந்தேகப்படு. விலை குறைத்தால் சந்தேகப்படு. விற்பவர் கதை சொல்ல ஆரம்பித்தால் எழுந்து போய்விடு.

(மூன்றாவது விதியைப் படித்துவிட்டும் நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். நன்றி.)

அவரைக் கேலி செய்வதற்கு முன் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். உங்களிடமுள்ள ஐந்து ரூபாய்க் காசுக்கு ஐந்து லட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தபோது, ஆபீசில் ஆறு பேர் கட்டினார்கள். பக்கத்து நாற்காலி கோபிநாத் மட்டும் தப்பித்தார். "வாங்குறவன் எதுக்குய்யா ஒங்கிட்டப் பணம் கேக்குறான்?" என்று உதயசூரியன் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். காசு சேர்ப்பது மனிதனுக்கு இந்தக் கேள்வியைக் கற்றுத் தருகிறது. அதை எங்கே நிறுத்துவது என்று மட்டும் கற்றுத் தருவதில்லை.

ரத்த அழுத்தம் நூற்றைம்பது என்று டாக்டர் சொன்னதும், டாக்டரை நம்பாமல் இரண்டு மெஷின் வாங்கினார். அவை சொன்னதைக் கேட்டு அழுத்தம் இன்னும் ஏறியது. மகள் ஹரிணியின் கல்லூரி மதிப்பெண் பட்டியலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"அப்பா, அது ஆன்லைன்ல எடுத்த பிரிண்ட் அவுட்டுப்பா. அதுல வாட்டர்மார்க் எல்லாம் இருக்காது."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார்.

3.

மூக்காயி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கிராமம், அறுபது வயதிருக்கும், சொந்த நிலத்தில் கடலை போடுகிறவர். காசு வாங்கும் ஆள் டீக்கடையில் இருப்பார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சேலை முந்தி முடிச்சை அவிழ்த்து பெஞ்சில் வைத்தார். புதுக்கோட்டை சமஸ்தானம் அடித்த, அம்மன் உருவம் பதித்த அம்மன் காசு. உதயசூரியனின் ஆல்பத்தில் ஒரே ஒரு குழி பதினோரு வருடமாகக் காலியாக இருந்தது. அந்தக் குழிக்குரிய காசு இதுதான்.*

* எந்த வகை என்று சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த மாதமே அதன் போலி விற்பனைக்கு வந்துவிடும்.

ஆனால் காசு நேற்று அடித்ததுபோலப் பளபளத்தது.

"எங்கம்மா கெடச்சுது?"

"வீட்டு நெலைக்கு அடியிலங்க. பழைய வீட்டப் பிரிச்சோம். நெலையப் பேத்தப்ப இருந்துச்சு. எங்க மாமனாரு வீடு கட்டுறப்ப வச்சது."

வாசல் நிலை வைக்கும்போது அடியில் காசு போடுவது இந்தப் பக்கத்து வழக்கம். காசு விற்கிறவர்கள் அத்தனை பேரும் அதே நிலையைப் பெயர்த்துக்கொண்டு வருவதும் வழக்கம்தான்.

"ஏன் இப்புடி மின்னுது?"

"பெரிய மனுசருகிட்ட அழுக்கோடவா கொண்டாரது? புளி போட்டுத் தேச்சேன். அம்மன் மொகம்லங்க."

உதயசூரியன் கண்ணை மூடித் திறந்தார். பழங்காசைத் தேய்ப்பதைவிடப் பெரிய பாவம் அவர் உலகத்தில் கிடையாது. காந்தம் வைத்தார், ஒட்டவில்லை. எடை பார்த்தார், சரியாக இருந்தது. லென்ஸ் வைத்தார். நுணுக்கமான கோடுகளை எல்லாம் புளி தின்றிருந்தது. எடை இவ்வளவு சரியாக இருப்பானேன் என்று அவருக்குத் தோன்றியது.

"என்ன வெல?"

"புது வீட்டுக்கு ஒரு வெளக்கு வாங்கணும். எரநூறு குடுங்க."

பல ஆயிரம் போகும் காசு. அவர் முகம் சுருங்கியது. அதிகம் கேட்டுவிட்டோம் என்று நினைத்த மூக்காயி, "நூறு குடுங்க" என்றார். முகம் இன்னும் சுருங்கியது.

"சரி விடுங்க, சும்மாவே வச்சுக்கங்க. ஆசையாப் பாக்குறீங்க."

சும்மா! இதற்கு நோட்டில் விதியே இல்லை. உதயசூரியன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "சும்மா குடுக்குறதுக்கு ஒரு காரணம் இருக்கணும்லம்மா?"

மூக்காயி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "என்னைய என்னன்னு நெனச்சீங்க? திருட்டுக் காசு, இல்லாட்டிப் பொய்க் காசு, அதானே? எங்க அம்மன் உண்டியல்லயே போட்டுட்டுப் போறேன். அவ லென்சு வச்சுப் பாக்க மாட்டா."

முடிச்சைப் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடந்துவிட்டார்.

4.

இங்கேயே முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

முடிவு ஒன்று: காசு போலி, உதயசூரியன் பிழைத்தார். (ஏதாவது வங்கியின் விழிப்புணர்வு நோட்டீசில் போட்டுக்கொள்ளலாம்.)

முடிவு இரண்டு: காசு அசல். அவர் ஓடிப்போய் மூக்காயியின் காலில் விழுந்து (பரிசு கிடைக்கும். ஆனால் அவர் முட்டி மடங்காது.)

உதயசூரியன் எனக்கு விற்றது வேறு முடிவு. அதுவும் பாதிதான்.

நான்கு மாதம் அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. காசு போன வருத்தம் பாதி, அந்த அம்மாள் பார்த்த பார்வை மீதி. அவமானமாக இருந்தது என்று அவரே சொன்னார். மூக்காயி ஊர் அம்மன் கோயில் உண்டியல் திறப்புக்கு எண்ண ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார்.

வாசலில் பாலாஜி என்ற அறநிலையத்துறை இளம் அதிகாரி சோதனை போட்டார். சட்டைப் பையிலிருந்து காந்தம் வந்தது, லென்ஸ் வந்தது, தராசும் வந்தது.

"உண்டியல் எண்ண வந்தவருக்குத் தராசு எதுக்குங்க?"

"பழக்கம் சார்."

"நல்ல பழக்கம். இதையெல்லாம் மேசையில வச்சுட்டு காமிராவுக்கு நேரா உக்காருங்க. வேட்டி மடிப்ப ஒருக்கா ஒதறிக் காட்டுங்க."

இருபது பேர் பார்க்க உதறிக் காட்டினார். காது மடல் சுட்டது. மூக்காயிக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போது புரிந்ததாம். (இந்த வரி எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பளபளக்கிறது. புளி போட்டது அவரா நானா என்று நினைவில்லை.)

மூன்று மணி நேரம் எண்ணியபிறகு சில்லறைக் குவியலில் அது வந்தது. நான்கு மாத எண்ணெயிலும் மஞ்சளிலும் பளபளப்பு மங்கியிருந்தது. காந்தமில்லை, லென்ஸ் இல்லை. வெறுங்கண்ணால் பார்த்தார். பதினோரு வருடக் குழி மார்புக்குள் இருந்ததுபோல வலித்தது.

பாலாஜி எட்டிப் பார்த்தார். "ஒங்களுக்குக் காசு தெரியும்னாங்களே. இது பழசுங்களா, போலியா? பழசுன்னா சீல் வச்சு மேலிடத்துக்கு அனுப்பணும். போலின்னா அந்தச் செல்லாக்காசுக் குவியல்ல போட்டுருங்க. மாசக் கடைசியில எடைக்கு ஏலம் விடுவோம்."

அசல் என்று சொன்னால் காசு அவர் கைக்கு வரவே வராது. போலி என்று ஒரு வார்த்தை சொன்னால் பித்தளை விலைக்கு ஆல்பத்துக்கு வந்துவிடும். எண்ணுகிறவர்களுக்கு மோர் கொண்டுவந்த பெண் எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அது மூக்காயி.

"சொல்லுங்க" என்றார் மூக்காயி. "இப்பவாச்சும்."

5.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

உதயசூரியன் கடைசிப் பஜ்ஜித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். "எழுத்தாளருதானே, நீங்களே பாத்துப் போட்டுக்கங்க."

"ஆல்பத்தக் காட்டுங்களேன்."

"கீரனூர் வாங்க. வீட்லதான் இருக்கு."

நான் போகவில்லை. போனால் அந்தக் குழியைப் பார்க்க வேண்டியிருக்கும். அது நிரம்பியிருந்தால் என்னால் இனி அவரோடு டீ குடிக்க முடியாது. காலியாக இருந்தால், இத்தனை பக்கம் அவரைக் கேலி செய்ததற்கு நான் வெட்கப்பட வேண்டும்.

நீங்கள் வேண்டுமானால் போய்ப் பாருங்கள். திருச்சி பஸ் நிறைய இருக்கிறது. கீரனூரில் நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். போர்டை நம்ப வேண்டாம்.