கேட்ட கணக்கு

ஐந்து மாதமாக வெறுமையாகக் கிடந்த கட்டத்தில் அன்று 1 என்ற எண் இருந்தது. திரையை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். தூசி இல்லை, எண்தான். ‘குழலி 1’ என்று நான் பெயர் வைத்திருந்த பதிவுக்கு நேரே, எத்தனை முறை ஓடியது என்று காட்டும் இடத்தில், ஒன்று. அடுப்பில் பால் வைத்திருந்தது நினைவில்லை. பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வந்த பிறகும் சற்று நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டுவிட்டார்.

வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். எங்கள் வீட்டில் கணினி ஒன்று, ஐபாட் மூன்று. மூன்றையும் என் கணவர் எழிலன்தான் வெளிநாட்டுக் கப்பலில் வேலை பார்த்தபோது வாங்கிவந்தார். ஒன்று அவருக்கு, ஒன்று அவருடைய தம்பி பகலவனுக்கு. மூன்றாவது அவருடைய அம்மாவுக்கு, என் அத்தைக்கு. அதற்குத் திரையே கிடையாது; ஊக்கு மாதிரி துணியில் செருகிக்கொள்ளலாம், அவ்வளவு சிறியது. எனக்கென்று வாங்கவில்லை. “கம்ப்யூட்டரே உன்னுதுதான” என்றார். ஆரணியில் நான் கணினி வகுப்புக்குப் போயிருந்தேன் என்பதைப் பெண் பார்க்க வந்த அன்றே கேட்டு வைத்துக்கொண்டவர். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டின் இரண்டாவது மாடியில், ஒரே அறையில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் அந்தக் கணினி. பாட்டெல்லாம் அதற்குள் இருந்தன. மூவருக்கும் தனித்தனிப் பட்டியல் போட்டு, பழையதை எடுத்துப் புதியதை ஏற்றுவது என் வேலை. பகலவனுக்குக் குத்துப்பாட்டும் கானாவும். அத்தைக்குப் பழைய பாட்டுகளும், புத்த விகாரையில் பாடுகிற பாட்டுகளும். கணினியில் ஒரு பாட்டை அழித்தால் மூன்று கருவியிலிருந்தும் அது போய்விடும் என்பதால் வேறு யாரையும் தொட விடுவதில்லை.

இப்போது அவர் நிலக்கரிக் கப்பலில் இருக்கிறார். ஒரிசாவில் ஏற்றி எண்ணூரில் இறக்குகிற கப்பல். மாதத்துக்கு இரண்டு தடவையாவது வரும். ஆனால் வேலையை விட்டு வீடுவரை வர முடியாது. துறைமுக வாசல் வரைக்கும்தான். மணலியில் ஒரு கம்பெனியில் வேலை செய்யும் பகலவன் அங்கே போய்ச் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்துவிட்டு, அழுக்குத் துணியையும் ஐபாடையும் வாங்கிவருவான். கரி இறக்கி முடிவதற்குள் துணியைத் துவைத்து உலர்த்தி, பாட்டை மாற்றித் திருப்பி அனுப்பிவிட வேண்டும். கரிப்பொடி துணியிலிருந்து போய்விடும். ஐபாடின் வெள்ளை ஓரத்திலிருந்து போவதேயில்லை.

பேசப் போன் உண்டு. அது பகலவனுடைய போன். கப்பல் கரையை நெருங்கியதும் அவர் கூப்பிடுவார். அத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்வார். எல்லோரும் சுற்றி உட்காருவோம். “இன்னா குழலி, நல்லா கீறியா?” என்பார். “இருக்கேன்” என்பேன். அத்தை என் முகத்தையும் பகலவன் போனின் சார்ஜையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதற்கு மேல் என்ன சொல்வது?

அதனால்தான் பதிவு செய்யத் தொடங்கினேன். அத்தை தண்டையார்பேட்டையில் ஒரு மிளகாய்க் கிடங்கில் காம்பு ஆய்கிறார், சாயங்காலம்தான் வருவார். பகலவனும் இல்லாத மத்தியான வேளையில் கதவைச் சாத்திக்கொண்டு கணினி மைக்கில் பேசுவேன். பள்ளியில் கடிதம் எழுதப் பழக்கிய முறைதான் வந்தது. முதலில் நலம், பிறகு செய்தி, கடைசியில் வேண்டுகோள். வேண்டுகோள் எப்போதும் ஒன்றுதான். மாத்தூரில் ஜீனத் அக்கா என்பவரின் மாடியில் ஓர் அறையும் சமையலறையும் காலியாக இருக்கிறது. நடுவில் கதவு இருக்கிறது, தாழ்ப்பாளோடு. இங்கே நமக்கும் அத்தைக்கும் நடுவில் தொங்குவது ஒரு பழைய புடவை. மிளகாய் நெடியை நெஞ்சில் வாங்கிக்கொண்டு வந்து அவர் விடிய விடிய இருமுகிறார். நீங்கள் லீவில் வந்திருந்தபோது அந்த இருமல் எப்போது நிற்கும், எப்போது தொடங்கும் என்று காதை வைத்துக்கொண்டே படுத்திருந்தேன், நீங்கள் பக்கத்தில் இருந்தது எனக்கு நினைவில்லை. இப்படியெல்லாம் பேசி, அவருடைய பட்டியலின் கடைசியில் சேர்த்துவிடுவேன். முதல் பதிவை அனுப்பியபோது நானும் துறைமுக வாசலுக்குப் போயிருந்தேன். பகலவன் தேநீர் வாங்கப் போன இடைவெளியில் சொன்னேன். அவர் சிரித்தார். “இன்னாடி, ரேடியோ ஸ்டேஷன் வெச்சினுகீறியா? சரி, கேக்குறேன் போ.”

கருவியை இணைத்தால் அது எந்தப் பாட்டை எத்தனை முறை ஓட்டியது என்ற கணக்கும் கணினிக்கு வந்துவிடும். அவருடைய பாட்டுகளுக்குப் பத்து, பதினைந்து, இருபது என்று ஏறிக்கொண்டே போனது. என் பதிவுகள் ஐந்து மாதமும் வெறும் கட்டம். பிறகுதான் அந்த ஒன்று.

அடுத்த தடவை மூன்றானது. அதற்கடுத்து ஆறு. இரண்டாவது பதிவுக்கும் எண் விழுந்தது. ஸ்பீக்கர் போனில் அவர் வழக்கம்போலத்தான் பேசினார். ஆனால் ‘நல்லா கீறியா’ என்ற அதே இரண்டு சொல்லில் எனக்கு மட்டும் வேறொன்று கேட்டது. வீட்டிலும் காற்று மாறியிருந்தது. அத்தை திடீரென்று பாயைச் சுருட்டிக்கொண்டு வராண்டாவில் படுக்கத் தொடங்கினார். உள்ளே புழுக்கம் என்றார். இருமலும் குறைந்திருந்தது, வந்தாலும் முந்தானைக்குள் அமுக்கிக்கொள்கிற சத்தமாக இருந்தது. அதையும் அவருக்குச் சொன்னேன். “அத்தை இப்போ வெளியதான் படுக்கறாங்க. இருமலும் கம்மி. அதனால வீடு வேணாம்னு நெனச்சிடாதீங்க, எத்தனை நாளைக்குன்னு தெரியாது.”

எண் ஒன்பதானபோது ஜீனத் அக்கா முடிவு கேட்டார். வேறு ஒரு குடும்பம் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறதாம். என் கணவர் சம்மதித்துவிட்டார் என்று சொல்லிவிட்டேன். ஒன்பது முறை கேட்கிற மனிதர் வேண்டாம் என்றா சொல்வார்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தோளில் புடவையோடு சேர்த்து அந்தச் சின்ன ஐபாடைச் செருகியிருந்தார். எதிரில் உட்கார்ந்து, காதிலிருந்து அவர் ஒயரை எடுக்கும்வரை காத்திருந்து சொன்னேன்.

“அத்தை, மாத்தூர்ல ஒரு வீடு பாத்திருக்கேன். அவரும் சரின்னுட்டாரு.”

அவர் தலை நிமிரவில்லை. “ஜீனத்து வூடுதான?” என்றார்.

அந்தப் பெயரை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

“உங்களுக்கு யாரு சொன்னாங்க?”

“நீதான்.” ஐபாடைக் கழற்றி அரிசியின் மேல் வைத்தார். “பாட்டு ஓடிக்கினே கீது, நடுவுல நீ வந்துடுற. மொத நாளு என்னியத்தான் கூப்புடுறியோன்னு திரும்பிப் பாத்தேன். கிடங்குல பக்கத்துல குந்தினு இருந்தவளுங்கல்லாம் சிரிச்சாளுங்க.”

பல் துலக்கிக்கொண்டிருந்த பகலவன்தான் விவரம் சொன்னான். என் அண்ணன் மகளுக்குக் காது குத்த நான் ஆரணி போயிருந்த வாரம், கேட்ட பாட்டையே கேட்டு அலுத்துப்போகிறது என்று அத்தை புலம்பினாராம். நான் வரும்வரை காத்திருப்பானேன் என்று இவனே அத்தையின் ஐபாடைக் கணினியில் இணைத்து ஒரு பொத்தானை அமுக்கியிருக்கிறான். “அதுவா ரொப்பிக்கும் அண்ணி, ஒரே பட்டன்தான” என்றான், உதவி செய்தவனின் முகத்தோடு. அது கணினியில் இருந்த எல்லாவற்றிலிருந்தும் தன் இஷ்டத்துக்கு எடுத்து நிரப்பிக்கொண்டிருக்கிறது. புதிய பாட்டுகள் வந்தபோதும் இவனே இன்னும் இரண்டு முறை நிரப்பியிருக்கிறான். அத்தையின் பட்டியலை நான்தானே போட்டேன் என்ற நினைப்பில், சார்ஜுக்கு மட்டும் செருகிச் செருகி எடுத்திருக்கிறேன் நான். மூன்று கருவியின் கணக்கும் ஒரே கட்டத்தில்தான் வந்து சேரும். யார் காது என்று அது சொல்லாது.

“அவன் சரின்னு வாயத் தொறந்து சொன்னானா?” என்று அத்தை கேட்டார்.

“கேட்டிருக்காரு. ஒன்பது வாட்டி.”

“அது நான் கேட்டது.” ஒரு கல்லை எடுத்து ஓரமாகப் போட்டார். “மொதல்ல ஒண்ணும் புரியல. அப்பால, இன்னும் இன்னா இன்னா சொல்லி வெச்சிருக்கன்னு பாத்தேன். வெளிய போய்ப் படுத்தா அதயும் சொல்லிருக்க.”

நான் எழுந்திருக்கவும் இல்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை.

“எங்கையில கேட்டிருந்தா போயிட்டு வாடின்னு அன்னிக்கே சொல்லிருப்பேன். நீ அவனப் போய்க் கேக்குற. சின்ன வயசுலேர்ந்தே யாரு கூப்ட்டாலும் அவன் திரும்ப மாட்டான்.” முறத்தைத் தட்டி எழுந்து போனார். அரிசியில் பாதி இன்னும் பார்க்காமலே கிடந்தது.

அன்று மத்தியானம் அத்தையின் கருவியிலிருந்து என்னை முழுவதும் எடுத்தேன். எல்லா எண்ணையும் அழித்துக் கட்டங்களை வெறுமையாக்கினேன். பிறகு ஒரே ஒரு புதிய பதிவு. நலமும் செய்தியும் வைக்கவில்லை. அவருடைய ஐபாடில் மட்டும், கடைசியில் அல்ல, அவர் அதிகம் கேட்கிற இரண்டு பாட்டுகளுக்கு நடுவில் வைத்தேன். வேண்டுமென்று தாண்டினால் ஒழிய தப்ப முடியாத இடம்.

கப்பல் போய்த் திரும்பியது. பகலவன் துணி மூட்டையோடு ஐபாடைக் கொண்டுவந்தான். மூட்டையைப் பிரிக்காமல் முதலில் அதை இணைத்தேன். மேலே இருந்த பாட்டுக்குப் பதினொன்று. கீழே இருந்ததற்குப் பத்து. நடுவில் என் கட்டம் கழுவிவிட்ட தட்டு மாதிரி இருந்தது. காலையில்தான் போனில் சொல்லியிருந்தார், எல்லோரும் கேட்க: “பாட்டுலாம் சூப்பரு குழலி. இதே மாரி போட்டு அனுப்பு.”

பின்னால் மிளகாய் நெடி வந்தது. கிடங்கிலிருந்து வந்த அத்தை கால்கூடக் கழுவாமல் நின்றிருந்தார். எழுத்து தெரியாது, எண் தெரியும். பதினொன்றையும் பத்தையும் நடுவில் இருந்த ஒன்றுமில்லாததையும் பார்த்தார்.

“கேக்கலியா?”

அவர் மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூட்டையின் மேல் கிடந்த மகனின் வெள்ளை ஒயரை எடுத்து என்னிடம் நீட்டி, கணினியில் செருகச் சொன்னார். ஒரு முனையைத் தன் காதில் வைத்துக்கொண்டார். மற்றது அவர் மடியில் தொங்கியது.

“இந்த வாட்டி இன்னா சொல்லிருக்க? போடு.”

போட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகம் பீரோ பக்கம் திரும்பியிருந்தது. பாதியில் இருமல் வந்து தோள் குலுங்கியது; முந்தானையை வாயில் திணித்து அதை விழுங்கிக்கொண்டு, ஒயர் விழாமல் இன்னொரு கையால் காதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பதிவு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கியது. அவர் கையை எடுக்கவில்லை. திரையில், வெறுமையாக இருந்த கட்டத்தில், 1 என்ற எண் வந்து நின்றது.