வலி போனதைச் சொல்லாதீர்கள், டாக்டர்

1
இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு ஊசி போட்டுக்கொள்ள வரிசையில் உட்கார்ந்திருந்தேன். டாக்டரின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஓர் அம்மாள், "வலி போயிடுச்சுன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்" என்றார். போதாதா? என் வலியே பறந்துவிட்டது. (பொய். அது அசையவேயில்லை.)

2
அந்த அம்மாளைத் தையல்காரி ஆக்கினேன். கணவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

இளஞ்சூரியன் மெல்ல

அடித்துவிட்டேன். ஊசி போடும் கதையில் சூரியனுக்கு என்ன வேலை?

வலது இடுப்பு. டாக்டர் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மூட்டுக்குள் ஸ்டீராய்டு மருந்தை இறக்கினார். "சில வாரம் தாங்கும், அதிர்ஷ்டம் இருந்தா சில மாசம். அடிக்கடி போட முடியாதும்மா." நான்காம் நாள் தையல் மிஷினை மிதித்துப் பார்த்தாள். வலியைக் காணோம். அவளுக்குப் பகீரென்றது.

பின்னே? முப்பத்து நான்கு வருடமாகத் தெருவில் பத்தடி முன்னால் நடந்த மனுஷன், இந்த வலி வந்த பிறகுதான் அவள் கையைப் பிடித்தார். கடைவீதியில், நாலு பேர் பார்க்க. வலி போனால் அந்தக் கையும் போய்விடும்.

3
ஆகவே கடைவீதியில் நொண்டினாள், இடது காலை.

[வாசகரே, பிழை என்னுடையது. வலது என்று எழுதியதை மறந்துவிட்டேன். திருத்தப் பேனாவை எடுப்பதற்குள் கூட வந்த கணவர் பார்த்துவிட்டார்.]

"நேத்து வரைக்கும் வலது காலு இல்ல?"

"வலி எடம் மாறிடுச்சுங்க."

"ஊசி போட்டா எடம் மாறுமா?"

"இந்த டாக்டர் புதுசுங்க."

4
முதல் முடிவு: அவர் திட்டிவிட்டுப் பத்தடி முன்னால் போகிறார். இதைப் படித்த என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இரண்டாவது: "எனக்கு எல்லாம் தெரியும்டி" என்று அவர் கண்கலங்குகிறார். அட போங்கய்யா, ஹாரன் அடித்தே பேசிப் பழகியவர் அவர்.

கடைசியில் எழுத முடிந்தது இவ்வளவுதான். அவர் காய்கறிப் பையைக் கை மாற்றினார். அவளைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து, அந்தக் கையைப் பிடித்தார். "மெதுவா வா" என்றார்.

நம்பினாரா, கண்டுபிடித்துவிட்டாரா? அவளுக்குத் தெரியாது, கேட்கவும் பயம். என்னையும் கேட்காதீர்கள். நீங்கள் எந்த முடிவை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு இன்னும் மூன்று தெரு இருக்கிறது. அதுவரை அவர்கள் இருவரையும் தொந்தரவு செய்யாதீர்கள்.