பாட்டிலுக்கு ஒரு பை

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து அக்கா அறையை விட்டு வெளியே வரவில்லை. இடது மார்பை எடுத்த இடத்திலிருந்து ஒரு குழாய் இறங்குகிறது. அதன் நுனியில் சின்ன பிளாஸ்டிக் பாட்டில். உள்ளே ஊறும் நீர் அதில் வடிகிறது. மறுநாள் டாக்டரிடம் காட்ட வேண்டும். அக்கா முடியவே முடியாது என்றுவிட்டாள்.

“இதைக் கையில தூக்கிக்கிட்டு தெருவுல நடக்கச் சொல்றியா? நான் வரல.”

டாக்டர் தேடி வர இதென்ன மந்திரி வீடா? எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இன்னும் கொஞ்சம் நின்றால் ஏதாவது சொல்லிவிடுவேன்.

“இரு, அதுக்கு ஒரு பை தைச்சுத் தரேன்” என்று முன்னறைக்கு வந்தேன்.

தெருவில் பாதிப் பேருக்குச் சட்டை தைப்பவள் நான். வெட்டி மிஞ்சிய துண்டுகள் மூலையில் மூட்டையாகக் கிடக்கின்றன. அந்தக் குப்பையைத் தூக்கிப் போடச் சொல்லிச் சொல்லி அக்காவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மூட்டையைக் கவிழ்த்து, அக்காவுக்குத் தைத்த சட்டைகளின் துண்டுகளை மட்டும் பொறுக்கினேன். வேலையில் சேர்ந்த அன்று போட்ட நீலம் கிடைத்தது. கடைக்காரரோடு மல்லுக்கட்டி வாங்கிய மஞ்சளும் இருந்தது. ஒட்டுப்போட்டு, உள்துணி கொடுத்து, பாட்டில் சாயாமல் நிற்க அடியைத் தட்டையாக மடித்துத் தைத்தேன். தோளில் மாட்ட ஒரு நாடா.

நாடாவின் நீளம் பார்க்க உள்ளே போனேன். அக்கா மடியில் ஒரு பழைய சட்டை இருந்தது. அவளுக்குத் தைக்கும்போதெல்லாம் அளவுக்கு எடுத்து வைத்துக்கொள்கிற சட்டை.

“இதையும் வெட்டிக்கோ. இனிமே இந்த அளவு எதுக்கு?”

சட்டையை அவள் மடியிலிருந்து எடுத்து மடித்து வைத்தேன். நான் அழுதால் அவளும் அழுவாள்.

“எதை வெட்டணும்னு எனக்குத் தெரியும். தையல்காரி நீயா நானா?” என்று எரிந்து விழுந்தேன்.

பையை அவள் வலது தோளில் மாட்டி, பாட்டிலை உள்ளே இறக்கினேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. அக்கா பையைத் தடவிப் பார்த்தாள். மஞ்சளில் விரல் நின்றது.

“இன்னும் வச்சிருக்கியா இதை?”

“குப்பைதானே. கெடந்துச்சு.”

அவள் சிரிக்கவில்லை. என் கழுத்தில் கிடந்த டேப்பை இழுத்து என் கையில் வைத்தாள்.

“கட்டு மேலயே அளவெடு. ரெண்டு பக்கமும் தனித்தனியா எடு. நாளைக்குப் போட்டுக்கிட்டு வர ஒண்ணு வேணும்ல?”

டேப்பைச் சுற்றிப் பிடித்தேன். எண் ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை.

“கண்ணைத் தொடைச்சுக்கிட்டுப் பாருடி” என்றாள் அக்கா. “அளவு தப்பிடப் போகுது.”