சீவிய கிழங்கு

விடியற்காலை ஐந்தரைக்கு, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் சங்கு ஊதியது. கலைமதி மாவு படியும் தொட்டியின் சுவர்மேல் ஏறி நின்றாள். உள்ளே இருந்தவர்கள் நீட்டிய ஈர மாவுக் கூடைகளை வாங்கி வெளியே இறக்கினாள். செருப்புப் போட்டால் மாவு அழுக்காகும் என்று முதலாளி மாதவராஜ் தடுத்திருந்தார். வெறுங்கால் மாவுப்பாலில் வழுக்கியது. சிமெண்டுத் தரையில் இடுப்பு மோத விழுந்தாள்.

ஆனால் வலித்தது பாதம். கிழங்கு சீவும் பெண்கள் நாங்களும் பாதத்தையே பார்த்தோம். எங்களில் மூத்தவளான ராமக்காள் புளியும் உப்பும் கொதிக்கவைத்துப் புறங்காலில் பற்றுப் போட்டாள்.

"சூடு தாங்குதா புள்ள?"

"சூடே தெரியலக்கா."

இன்னும் கொஞ்சம் கொதிக்கவைத்துப் போட்டோம்.

மறுநாள் கால்விரல்களில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. தருமபுரியில் தனக்குத் தெரிந்த, முதுகெலும்பைக் கையால் திருகிச் சரிசெய்யும் கைரோபிராக்டரிடம் போகச் சொன்னார் மாதவராஜ்.

"ஒரே திருகு, சரியாப் போயிரும். வூட்டுல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு."

ராமக்காள் துணைக்குப் போனாள்.

கைரோபிராக்டர் அருள்குமார் எதையும் திருகவில்லை. குதிகாலால் நடக்கச் சொன்னார். வலது பாதம் நிமிராமல் தரையில் தட்டியது. படுக்கவைத்துக் காலை நேராகத் தூக்கினார். இடுப்பிலிருந்து விரல்வரை வலி இழுத்தது, கலைமதி கத்தினாள். கட்டைவிரலை நிமிர்த்தச் சொல்லித் தன் விரலால் அழுத்தினார். உடனே மடங்கியது.

"கண்ணை மூடிக்கங்க. தொட்டா சொல்லுங்க."

புறங்காலில் பற்றில்லாத இடத்தில் பஞ்சால் தொட்டுக்கொண்டே இருந்தார். அவள் காத்திருந்தாள்.

பற்றைத் துடைத்தார். தோல் வெந்து கொப்புளித்திருந்தது.

"யாரு இப்படிச் சுட்டது?"

"நாந்தாங்க," என்றாள் ராமக்காள்.

"அடி பாதத்துல இல்லம்மா. முதுகுல நரம்பு அழுந்துது. நான் கை வெச்சா மோசமாயிரும். உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. தள்ளிப்போட்டா பாதம் தூக்காமலே போயிரலாம். எங்க விழுந்தீங்க?"

கலைமதி ராமக்காளைப் பார்த்தாள்.

"ஆலையிலங்க," என்றாள் ராமக்காள்.

கலைமதியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ராமக்காள் ஆலைக்குத் திரும்பி, வைத்தியச் செலவைக் கேட்டாள். மாதவராஜ் சிரித்தார்.

"சுட்டது நீ. பழி எனக்கா? அவ ஆலையில விழவே இல்ல. வைத்தியத்தை அவளே பாத்துக்கட்டும்."

"கொப்புளம் என்னுதுங்க. அதுக்கு அவ கால்ல விழுவேன். இடுப்பு உங்க தொட்டியில அடிபட்டது. அதுக்கு நீங்க யாரு கால்ல விழுவீங்க?"

"நாளைக்கு வேலைக்கு வராத."

மறுநாளும் வந்தாள். வாயிற்காவலர் ஆரோக்கியராஜ் கதவைத் திறந்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

அன்று போல நாங்கள் என்றும் சீவியதில்லை. பேச்சில்லை, வெற்றிலை இல்லை. மரவள்ளிக் குச்சிக்கிழங்கின் மண்தோல் காலடியில் குவிந்தது. தோலோடு இருக்கும் கிழங்கு காத்திருக்கும்; சீவியது காத்திருக்காது. லோடு முழுவதும் வெள்ளையாகக் குவிந்ததும் கத்திகளைக் கீழே வைத்தோம். அரைவை ஓட்டும் முருகேஷ் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எங்களோடு வந்து உட்கார்ந்தான்.

வெயில் ஏறியது. கிழங்கில் நீல ரேகைகள் ஓடின. புளிப்பு வாடை கிளம்பியது.

மாதவராஜ் கார்க் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடிவந்தார்.

"கறுக்குதுடி! கண்ணு தெரியலியா? டேய் முருகேஷ், மெஷினைப் போடுறா!"

"கை மரத்துப்போச்சுங்க," என்றான் முருகேஷ். பெண்கள் சிரித்தார்கள்.

"எல்லாரையும் நிறுத்திருவேன்!"

யாரும் எழவில்லை. ராமக்காள் ஒரு கிழங்கை எடுத்து, கறுத்த பக்கத்தை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

"ஆஸ்பத்திரிக்கு வந்து, அவ இங்கதான் விழுந்தான்னு உங்க வாயால சொல்றீங்களா, இல்ல அடுத்த லோடையும் இப்படியே சீவிப் போடட்டுங்களா?"