எதிர் ஜெபம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. சபைப் பத்திரிகைக்கு ஒரு பக்கச் சாட்சியாகப் பிறந்தது. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் என் தோளில் கை போட்டார். "நீங்கதான் எழுதுற ஆளாச்சே. ஆவிக்குரிய வாழ்க்கையில எப்படி வளர்ந்தீங்கன்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க" என்றார்.

எழுதுகிற ஆளாம்! நான் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். ஆயுசுக்கும் எழுதியது மூன்று கதை. இருந்தாலும் அவர் அப்படிச் சொன்னதும் உச்சி குளிர்ந்துபோய், பொறுமையைப் பற்றி எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "ஒரு காலத்தில் நான் பெரிய கோபக்காரன்."

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த மனைவி கேட்டாள்: "ஒரு காலத்துலயா? இன்னைக்குக் காலையில பேஸ்ட் மூடியைக் காணோம்னு வீட்டையே ரெண்டாக்கினது யாரு?"

இரண்டாவது தொடக்கம்: "அவன் சாந்தமே உருவானவன்." ('அவன்' என்று எழுதிவிட்டால் பொய் என் கணக்கில் வராது என்று ஒரு நப்பாசை.) இந்த அவனை வாடிக்கையாளர் திட்டினால் புன்னகைக்கிறான். ஸ்க்ரூ கைதவறி மெஷினுக்குள் விழுந்தால் ஸ்தோத்திரம் சொல்கிறான். நாலு வரி எழுதுவதற்குள் எனக்கே அவனை ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது. கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது தொடக்கம்: "பொறுமை என்பது" — பேனாவை யார் எடுத்தது? இங்கேதானே வைத்தேன்?

(பேனா என் காதில்தான் இருந்தது. நான் கத்தியதை இந்தக் கதையில் சேர்ப்பதாக இல்லை.)

3

எங்கள் பத்திரிகையில் ஒரு விதி உண்டு. சாட்சி எழுதுகிறவரின் சொந்தக்காரர் ஒருவர், அடியில் 'இது உண்மை' என்று கையெழுத்துப் போட வேண்டும். முன்பு ஒருவர் சீட்டாட்டத்தை அடியோடு விட்டுவிட்டேன் என்று சாட்சி எழுதி, அந்த இதழ் வெளிவந்த அன்றே சீட்டுக்கட்டோடு பிடிபட்டார். அன்றிலிருந்து இந்த விதி.

ஒருவழியாக ஒரு பக்கம் எழுதி முடித்து, மனைவியிடம் தாளை நீட்டினேன். படித்தாள். சிரித்தாள். தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் போட மாட்டேங்க. பொய்ச் சாட்சி சொல்லக் கூடாது."

"அப்ப நான் யார்கிட்டதான் போறது?"

"மாடியில உங்க அக்கா இருக்காங்கல்ல?"

வந்துவிட்டாளா அக்கா! அவளைக் கதைக்குள் விடாமல் ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் இவ்வளவு நேரம் பேஸ்ட் மூடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

4

அக்கா எங்களுக்கு நேர் மேல் வீட்டில் குடியிருக்கிறாள். பதினொரு மாதமாக எங்களுக்குள் பேச்சில்லை. காரணம், ஒரு ஜெபம்.

அன்று வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டம். எல்லோரும் கண்ணை மூடியிருந்தோம். அக்கா சத்தமாக ஆரம்பித்தாள்: "ஆண்டவரே, என் தம்பியோட முன்கோபத்தை எடுத்துப் போடும்." முப்பது பேர் ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள்.

பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தால் அது நானா?

"ஆண்டவரே, என் அக்காவோட வாயைக் கட்டும்" என்று ஜெபித்தேன்.

"ஆண்டவரே, இப்பப் பேசுறது அவன் இல்ல, அவன் கோபம்."

"ஆண்டவரே, சின்ன வயசுலருந்தே இவ இப்படித்தான்! உமக்கே தெரியும்!"

போதகர் குறுக்கே விழுந்து ஆமென் போட்டார். சபையில் ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை.*

* மாமா மட்டும் சொன்னார். மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். அவர் அதுவரை தூங்கிக்கொண்டிருந்தார்.

5

சொல்லாமல் விட்டது இன்னொன்று இருக்கிறது. மூன்று மாதமாக அக்காவின் மெஷின் துணி பிழியும்போதெல்லாம் தடதடவென்று ஆடுகிறது. என் தலைக்கு மேலே வீடே அதிர்கிறது. தொட்டியைத் தாங்குகிற சஸ்பென்ஷன் ராடு போய்விட்டது. முதல் நாள் கேட்டவுடனே எனக்குத் தெரியும். அரை மணி நேர வேலை. பொறுமையைப் பற்றி நான் எழுதிக் கிழித்த அத்தனை வரியும் அந்தச் சத்தத்துக்கு அடியில் உட்கார்ந்து எழுதியவை.

இன்று சாயங்காலம் படிக்கட்டில் மாமாவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் மாமா, வேற மெக்கானிக்கே கிடைக்கலையா?"

"நான் கூப்பிடாமலா இருப்பேன்? 'என் தம்பி இருக்கறப்ப இன்னொருத்தன் என் மெஷின்ல கை வைக்கிறதா'ன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டா. மூணு பேரை!"

வீட்டுக்குள் வந்து கொஞ்ச நேரம் அழுதேன். இந்த இடத்தை அழகாக எழுதப் பார்த்தேன், வரவில்லை. அழுதேன், அவ்வளவுதான். எனக்கு என் அக்கா வேண்டும்.

6

இதற்கு முடிவு எழுதிப் பார்த்தேன்.

அ) அக்கா கதவைத் திறந்து, "என்னை மன்னிச்சிடு தம்பி" என்கிறாள். (மனைவி: "யாரு, உங்க அக்காவா?")

ஆ) நான் அவள் காலில் விழுகிறேன். (மனைவி: "டூல் பாக்ஸைக் கீழ வச்சிட்டு விழுங்க. தரை உடையும்.")

இ) நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் —

7

சாட்சித் தாளை மேசையிலேயே போட்டுவிட்டு வந்தேன். கையெழுத்துக்காக வந்திருக்கிறான் என்று அவள் நினைத்துவிடக் கூடாது. புது ராடு நாலும் டூல் பாக்ஸில் இருக்கின்றன. இந்த வரிகளை ஒரு ரிப்பேர் சீட்டின் பின்பக்கத்தில், அவள் வாசலில் நின்றுகொண்டு எழுதுகிறேன். மனைவி இரண்டு படி கீழே நிற்கிறாள். உள்ளே மெஷின் தடதடக்கிறது.

மணியை அழுத்திவிட்டேன். மெஷின் நின்றது. காலடிச் சத்தம் வருகிறது.

அவள் சொல்லப்போகும் முதல் வார்த்தையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் பேனாவைக் காதில் செருகப் போகிறேன். திட்டினால் திட்டட்டும். கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் "ஆண்டவரே, என் தம்பியோட" என்று ஆரம்பித்தாலும் ஆரம்பிக்கட்டும். இந்த முறை எதிர் ஜெபம் கிடையாது. ஆமென் என்று சொல்வேன்.

(மனைவி: "பார்ப்போம்.")