மீதி மாத்திரைகள்

மல்லேஸ்வரத்துப் பெண்கள் ஹாஸ்டலில் ஜகதாம்பாளும் பிரிஜெட்டும் ஒரே அறை, இருவரும் பி.எஸ்ஸி. கடைசி வருஷம். பிரிஜெட் கோலார் தங்கவயல்காரி. அப்பா சுரங்க விபத்தில் இறந்த பிறகு, அம்மா ஒரு பங்களாவில் ஆயா வேலை பார்த்து அவளைப் படிக்க வைத்தாள்.

ஐம்பத்தொன்பது மார்ச்சில் பிரிஜெட்டுக்கு டைபாய்டு. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் குளோராம்பெனிகால் கொடுத்ததில் காய்ச்சல் விட்டது. இன்னும் ஒன்பது நாள் விடாமல் சாப்பிடச் சொல்லி டாக்டர் மாத்திரைப் புட்டியோடு அனுப்பினார். பரீட்சை வருகிறதே என்று அவள் ஊருக்குப் போகாமல் ஹாஸ்டலுக்கே வந்துவிட்டாள்.

மறுநாள் ஜகதாவுக்கு மூக்கு ஒழுகி, உடம்பு கணகணத்தது. நாலு நாளில் பிராக்டிகல்.

"உனக்குத்தான் ஜுரம் விட்டாச்சேடி. அந்த மாத்திரையை எனக்குக் கொடேன்."

"முழுசா போட்டுக்கணும்னு டாக்டர் சொன்னாரே?"

"அவா அப்படித்தான் சொல்லுவா. கிருமி செத்தப்புறம் மருந்து எதுக்கு? நான் படிச்சிருக்கேன்."

வகுப்பில் முதலாவதாக வருகிறவள் சொல்கிறாள். மாத்திரை குமட்டவும் செய்தது. பிரிஜெட் புட்டியை நீட்டிவிட்டாள்.

வெறும் ஜலதோஷம்; தானாகவே போயிருக்கும். மருந்துதான் விரட்டியது என்று ஜகதா சொல்லிக்கொண்டாள். மிச்சத்தைத் தலைவலிக்கு ஒருத்தி, முகப்பருவுக்கு ஒருத்தி என்று பக்கத்து அறைக்காரிகள் வாங்கிப் போனார்கள்.

இரண்டு வாரம் கழித்து வந்த தாவரவியல் தாளில், நுண்ணுயிரிகளிலிருந்து கிடைக்கும் மருந்துகளைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஜகதா மூன்று பக்கம் எழுதினாள். மருந்தைப் பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் எழுதினாள். அந்த இடத்தில் பேனா கொஞ்சம் தயங்கியது, அவ்வளவுதான்.

அன்று மாலையே பிரிஜெட்டுக்கு மறுபடி காய்ச்சல்.

"ஆஸ்பத்திரில மாத்திரையப் பத்திச் சொல்லிடட்டுமா, ஜகதா?"

"வேண்டாம். வார்டனுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வம்பு."

பிரிஜெட் சொல்லவில்லை. முழு மருந்துக்கும் கேட்காத காய்ச்சல் என்று டாக்டர்கள் வேறு நோயைத் தேடினார்கள். நாலாம் நாள் குடலில் ஓட்டை விழுந்தது. ஆறாம் நாள் போய்விட்டாள்.

டிரங்குப் பெட்டியை எடுத்துப் போக அம்மா வந்தாள். மகளின் பாவாடைகளை மடித்து வைத்துக்கொண்டே கேட்டாள்:

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா போட்டுக்கினாளாம்மா? சின்னதுலேர்ந்தே மருந்துன்னா ஓடுவா."

ஜகதா ஜன்னலைப் பார்த்தாள்.

"ஒண்ணு விடாம போட்டுண்டா."

"அப்ப எம்பொண்ணு மேல தப்பில்ல," என்றாள் அந்த அம்மா. ஜகதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கூடப் பொறந்தவ மாதிரி பாத்துக்கினியாம், லெட்டர்ல எழுதியிருந்தா. முப்பதாம் நாள் பூசைக்கு நீ வரணும் கண்ணு."

ஜகதா தலையாட்டினாள். போகவில்லை.