குள்ளர் விட்ட நோட்டீஸ்

கண்ணாடிக் கடையின் கூட்டாளிகள் இருவருக்கும் தெருவே பெயர் வைத்திருந்தது: நெட்டையர், குள்ளர். குள்ளருக்கு ஆள்தான் குட்டை, கோபம் மூன்று முழம். தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் நெட்டையர் ஒரு பெரிய வேலையை வேண்டாமென்று திருப்பி அனுப்பியதும், நேரே வக்கீலிடம் ஓடினார். கூட்டு ஒப்பந்தத்தை முறிப்பதாக நோட்டீஸ் போனது.

முறிப்பதா அவர் எண்ணம்? நோட்டீஸைப் பார்த்ததும் நெட்டையர் கடைக்கு வந்து கத்துவார், இரண்டு பேரும் வாய் ஓயும்வரை சண்டை போடுவார்கள், பிறகு டீ குடிக்கப் போவார்கள் என்று மனக்கணக்குப் போட்டிருந்தார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, சண்டை போடக்கூட அவருக்கு வேறு ஆள் கிடையாது. நெட்டையரோ வாயே திறக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலை, மூன்றாவது மாடி வீட்டு ஜன்னலுக்கு ஆளுயரக் கண்ணாடி. படியேறும்போது நெட்டையர் கீழே, குள்ளர் மேலே; அப்போதுதான் கண்ணாடி சாயாது. குள்ளர் பின்பக்கமாகவே ஏற வேண்டும். நெட்டையர் சொல்லும் சொல்தான் அவருக்குக் கண்.

"படி. இன்னொண்ணு. மெதுவா. இப்ப திரும்பு."

வாரக்கணக்கில் கேட்காத குரல். மேலே போனதும் சொல்லிவிட வேண்டும் என்று குள்ளர் முடிவு செய்தார், அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடலாமென்று. மானம் மரியாதை எல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும்.

கண்ணாடியைப் பொருத்தி, ஓரத்தில் பசை தடவி முடித்தார்கள். குள்ளர் கையைத் துடைத்துக்கொண்டு, "இந்தாப்பா, அந்த நோட்டீஸு..." என்று ஆரம்பித்தார்.

"நானே பேசணும்னு இருந்தேன்," என்றார் நெட்டையர். அவர் முகத்தில் கோபம் துளிகூட இல்லை. "ரொம்ப நாளாவே விலகிக்கலாம்னு நெனச்சேன். இந்த ஓட்டம் முடியல. உன் மூஞ்சியப் பாத்தா சொல்ல வாய் வரல. நல்லவேளை, நீயே நோட்டீஸ் விட்ட. அதுக்கப்புறந்தான் நிம்மதியா தூங்குறேன்."

குள்ளர் சொல்ல வந்ததை விழுங்கினார்.

"தெரியும்," என்றார். "உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் அனுப்புனேன்."

"அதான பாத்தேன். என் மனசு உனக்குத் தெரியாம இருக்குமா?"

நெட்டையர் ஓட்ட, கண்ணாடி ஏற்றிவந்த கடை வண்டி பிரிவினையில் குள்ளரின் பங்கு. சாவியை அவர் கையில் வைத்து அழுத்திவிட்டு, நெட்டையர் படியிறங்கிப் போய்விட்டார்.

குள்ளர் கீழே வந்து, கதவைத் திறந்து, எப்போதும்போல டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். வண்டியை எடுக்க ஆள் வரப்போவதில்லை என்று உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.